கூட யாரு வந்திருக்கீங்க?

கல்யாணமாகி மலேசியாவிலிருந்து கவரைப்பேட்டைக்கு வந்த புதிதில் ஊரே என்னைக் கேட்ட கேள்வி, "இன்னா பண்ணிகினு கீற ஊட்ல?" என்பதுதான். பால் வாங்கப் போனால் கேட்பார்கள், ரயில்வே கேட்டில் நின்றால் கேட்பார்கள். நானும் சிரித்து மழுப்புவேன். உண்மையில் ஒன்றும் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார். என் பாஸ்போர்ட் மலேசியாவுடையது. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று விசாவில் தெளிவாகப் போட்டிருந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் ஏழெட்டு பேரை மேய்த்துக்கொண்டிருந்தவள், இங்கே மாவாட்டும் கிரைண்டரை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சம்பளம்தானே கூடாது, சும்மா செய்யலாமே என்று கிளம்பினேன். சும்மா செய்வது எவ்வளவு பெரிய பேஜார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று போனேன். முதல் நாள் சால்வை போட்டு போட்டோ எடுத்தார்கள். அடுத்த வாரம் போனால், பரீட்சை நேரம், ஆண்டு விழாவுக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுகிறோம் மேடம் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அங்கே தினமும் யாராவது தங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, பல் இல்லாத பெரியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, முன்பின் பார்க்காத ஒரு குழந்தைக்கு ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். கேக் வெட்டி முடித்த பிறகுதான் இலையில் சோறு விழும். பசிக்கிற மனுஷனைப் பாட வைத்துப் பார்க்கிற இந்தக் கொடுமையை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு கம்பெனி நடத்திய மரம் நடும் விழா. செடியைவிட பேனர் பெரிதாக இருந்தது. மறுவாரம் போய்ப் பார்த்தபோது பேனர் மட்டும்தான் இருந்தது, செடியை ஆடு தின்றுவிட்டிருந்தது. "நீ சேவை பண்ணப் போறியா, சண்டை போடப் போறியா?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றைக்கும் வருகிறது.

கடைசியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால். மாமனார் கடம்பத்தூர்ப் பக்கம் கிராமத்தில் நெல் வைக்கிறவர். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். ஊரில் எல்லாருக்கும் அறுவடை நேரம். நான்தான் சும்மா இருக்கிறேனே, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். கூட்டிப் போனேன், படுக்கை வாங்கிக் கொடுத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன், "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சமைக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் மலேசியாவில் அப்படித்தான். பார்வையாளர் நேரம் முடிந்தால் சொந்தப் பிள்ளையைக்கூட வார்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளே போன நோயாளி அவர்கள் பொறுப்பு.

இங்கே அப்படி இல்லை. அன்று சாயந்திரம் வார்டு ஆயாவின் போனிலிருந்து மாமனார் பேசினார். ரத்தம் எடுத்து லேபில் கொடுக்க ஆளில்லை, ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி தள்ள ஆளில்லை, பக்கத்து பெட்டுக்காரர் கொடுத்த பன்னைத்தான் சாப்பிட்டேன் என்றார். குடும்பமே கொதித்துப்போனது. நான் அடித்துப் பிடித்து மறுபடி போனபோது ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னாமே, மாமனார இட்டாந்து பார்சல் மாதிரி போட்டுட்டு நீ பாட்டுக்கு பூட்டியாமே? மலேசியாவுல இப்டித்தான் பண்ணுவீங்களா?" இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை சொல்லப்படுகிறது. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன், வேறு வழி?

மாமனார் வீடு திரும்பும்வரை அந்த வார்டிலேயே கிடந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அங்கே எதற்கும் முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கீங்க?" டாக்டர் ரவுண்ட்ஸில் கேட்பார், நர்ஸ் கேட்பார், எக்ஸ்ரே எடுக்கிறவர் கேட்பார். கூட ஆள் இருந்தால் காரியம் நடக்கும். இல்லையென்றால் யாரும் வேண்டுமென்று விடுவதில்லை, அடுத்த பெட்டில் கூட ஆள் இருப்பதால் கை அங்கே போய்விடும், அவ்வளவுதான். இருக்கிற நாலு பேர் எத்தனை பேருக்கு ஓடுவார்கள், பாவம்.

மாமனாருக்கு எதிர் பெட்டில் ஒருவன். பெயர் தெரியாது, ஏதோ பீகார்ப் பக்கம். மெஷினில் இரண்டு கையும் மாட்டி, முழங்கை வரை கட்டு. சாப்பாட்டு வண்டி வரும்போது எல்லாரும் தட்டை நீட்டுவார்கள். அவனிடம் தட்டு இல்லை. இருந்தாலும் நீட்டக் கை இல்லை. வண்டி அவன் பெட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு வேலை செய்தவர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டார்கள். லீவு போட்டால் வேலை போய்விடும், அவர்களை என்ன சொல்ல முடியும்? நான் மாமனார் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். அவனுக்கு ஊட்டிவிட்டேன். முதல் வாய் வாங்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. இத்தனை மாதம் நான் தேடின வேலை இது, ஒரு தட்டுதான் வேண்டியிருந்தது.

மாமனார் வீட்டுக்குப் போன பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். ரெண்டு பஸ் மாற வேண்டும். பையில் நாலு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், சோப்பு, துண்டு. "யாரும்மா நீ, எந்த டிரஸ்ட்?" என்று வாசலில் செக்யூரிட்டி நிறுத்துவார். டிரஸ்ட் எல்லாம் இல்லை என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார். ஆயாதான் வழி சொன்னாள். "டிரஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பேசாத. யாரைப் பாக்க வந்தியோ அவனுக்கு அக்கான்னு சொல்லிடு. அக்கான்னா எவன் தடுக்கப் போறான்?" அன்றிலிருந்து நான் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் அசாமுக்கும் ஒடிசாவுக்கும் அக்கா. போனதும் "பசியாறியாச்சா?" என்று கேட்பேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். வார்டே சிரிக்கும். "நாஷ்டா ஆச்சான்னு கேளும்மா" என்று ஆயா திருத்துவாள். நான் கேட்கிறவனுக்கு இரண்டும் புரியாது.

எனக்கு இந்தி வராது. ஆனால் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஒடிசாவின் தெற்குக் கோடியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கு கொஞ்சம் தெரியும். அதனால் அவர்கள் யாராவது வந்தால் ஆயா எனக்கு போன் பண்ணிவிடுவாள்.

அப்படித்தான் அந்த ஒடிசாப் பையன் வந்தான். இரும்பு உருக்குகிற இடத்தில் கொதிக்கிற இரும்பு தெறித்து நெஞ்சு, வயிறு, இரண்டு தொடை எல்லாம் வெந்து போயிருந்தது. முகத்தில் ஒன்றும் படவில்லை. கழுத்துக்கு மேலே பார்த்தால் யாரோ சும்மா படுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கல்யாணமாகாதவன், நல்ல வாயாடி. என் தெலுங்கைக் கேட்டதும் அந்த வேதனையிலும் சிரித்தான். "அக்கா, இது எந்த ஊர் தெலுங்கு? பாதி புரியுது, பாதி பாட்டு மாதிரி இருக்கு" என்றான்.

அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான், தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. அவர்கள் ஊரில் தினமும் சாப்பிடுவதாம். இதில் என்ன அதிசயம், நம்ம பழையதுதானே என்று மறுநாள் கொண்டுபோனேன். நர்ஸ் திட்டினாள். இரண்டு வாய் மட்டும் என்று கெஞ்சி வாங்கினேன். சாப்பிட்டுவிட்டு, "எங்க அம்மா இதுல எலுமிச்சை இலை போடுவா" என்றான். குறை சொல்லும் அளவுக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அம்மாவிடம் தினமும் மத்தியானம் பேசுவான். நான் போனை அவன் காதில் பிடித்துக்கொள்வேன். காய்ச்சல், இங்கே தண்ணி ஒத்துக்கவில்லை, ஆஸ்பத்திரியில் வைத்து நன்றாகப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். பேசும்போது குரலை எங்கிருந்துதான் கொண்டுவருவானோ, முனகிக்கொண்டிருந்தவன் கணீரென்று பேசுவான். போனைக் காதிலிருந்து எடுத்ததும் வியர்த்துப்போய்க் கிடப்பான். ஒரு நாள் அந்த அம்மா என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அவளுக்கும் தெலுங்கு தெரிந்தது, என்னைவிட நன்றாகவே. "அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, கொடுத்துடாதே. ராத்திரி கால் அமுக்கினாத்தான் தூங்குவான். நீ கூட இருக்கியா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு தினமும் மகனிடம் பேசி முடித்ததும் என்னிடம் ஒரு நிமிஷம் பேசுவாள். கடைசியில் அதையேதான் கேட்பாள், கூட இருக்கியா என்று.

உண்மையைச் சொல்லிவிடலாம், அம்மா வரட்டும் என்று அவனிடம் நான் சொல்லாமல் இல்லை. "உட்காரட்டும் அக்கா. உட்கார்ந்துட்டு நானே வீடியோவுல சொல்றேன். படுத்துக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தா பயந்துடுவா." அவன் உட்காருவதற்காக நானும் காத்திருந்தேன். வெந்த புண் முதலில் ஆளை ஏமாற்றும் என்று எனக்குத் தெரியாது. பேசுவான், சிரிப்பான், பசிக்கிறது என்பான், உள்ளே சீழ் வைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் பேச்சு குழறியது. அன்று அம்மா போன் பண்ணியபோது தூங்குவதாகச் சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினான். சாயந்திரம் நான் கிளம்ப வேண்டும். ஆம்பிளை வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. பக்கத்து பெட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த செவ்வாப்பேட்டை ஆளிடம், "அண்ணே, இவனையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் நான் வார்டுக்குள் நுழைகிறேன், ஆயா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "விடியக்காலைல பூட்டாம்மா." அவன் முகத்தில் துணி போட்டிருந்தார்கள். ஒன்றும் ஆகாமல் இருந்த அந்த முகத்தில்.

வராண்டாவில் அவனுடைய சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. அவன் சேர்ந்த நாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரே ஆள் அவர்தான். கண் சிவந்திருந்தது. கையில் அவன் போன். அதில் அம்மாவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றார்.

"யம்மா, செத்துட்டான்னு ஃபோன்ல சொல்லக் கூடாதும்மா. கேட்டதும் அங்கயே உழுந்துடுச்சுன்னா யாரு தூக்குறது? சீரியஸா கீறான், ஒடனே கெளம்பி வாங்கன்னு சொல்லிடலாம். வந்தப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

ஆயா தலையாட்டினாள். செவ்வாப்பேட்டைக்காரரும், "அதான் மொறை" என்றார். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்கள் அப்பா போனபோது அண்ணன் எனக்கு போன் பண்ணி, "அப்பாவுக்கு ரொம்ப முடியல, டிக்கெட் போடு" என்றுதான் சொன்னான். மலேசியாவுக்குப் போனாலும் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. சாவை வாயால் எறியக் கூடாது, பக்கத்தில் ஆள் இருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். இதில் ஒரு அன்பு இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன்.

சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த இந்தியில் பேசினார். அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார். அவள் என்னைத்தான் கேட்கிறாளாம்.

"ஏம்மா, காய்ச்சல்னுதானே சொன்னான், எப்படி இப்படி ஆச்சு? நீ அவன் கூடத்தானே இருக்கே?"

"இருக்கேன்."

"விட்டுட்டுப் போயிடாதே. நான் வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் கூட இரு."

"இருக்கேன்" என்றேன் மறுபடியும். நாலு எட்டு தள்ளி அவன் துணி போர்த்திக் கிடந்தான். சூப்பர்வைசர் என் தோள் அருகே கையைக் கொண்டுவந்து தொடாமல் எடுத்துக்கொண்டார். "நல்லா சொன்னம்மா" என்றார்.

அப்புறம் போலீஸ், போஸ்ட்மார்ட்டம், பிணவறை. நான் தினமும் போனேன். கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, பிணவறைக்கு எதிரே இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் அம்மாவும் அவள் கொழுந்தனாரும் வரவேண்டிய ரயில் மூன்றாம் நாள் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சூப்பர்வைசர் சென்ட்ரலில் நின்று கடைசிப் பெட்டி வரை பார்த்தார். அவர்கள் இறங்கவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. வழி தவறிவிட்டார்களோ, பாஷை தெரியாமல் எங்கே நிற்கிறார்களோ என்று மனுஷன் தவித்துப்போய்விட்டார். என்னைக் கேட்டால் எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அடுத்த நாள் வெயில் ஏறிய நேரம். ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு ஆம்பிளையும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அவள் தலையை மழுங்க மொட்டை அடித்து, மேலே சந்தனம் பூசியிருந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. செக்யூரிட்டியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில் கேட்டுக் கேட்டு ஒரு வயதான அம்மாவை மனதில் வைத்திருந்தேன். அவளுக்கு என் வயதுதான், நாற்பதுக்குள் இருக்கும்.

நான் பேசினதும் அவளும் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ரயிலில் ஒரு குடும்பம் சொன்னார்களாம், கூடூரில் இறங்கினால் திருப்பதி பக்கம்தான், உயிருக்குப் போராடுகிற பிள்ளைக்கு முடியைக் கொடுத்து வேண்டிக்கொண்டு போ, பெருமாள் கைவிடமாட்டார் என்று. கூட வந்த கொழுந்தனார் வேண்டாம், முதலில் பிள்ளையைப் பார்க்கலாம் என்றாராம். இவள்தான் பிடிவாதமாக இறங்கினாளாம். போனில் சார்ஜும் தீர்ந்துபோயிற்றாம். "நீ கூட இருக்கேன்னு சொன்னியே, அந்த தைரியத்துலதான் போனேன்" என்றாள். இறங்காமல் வந்திருந்தால் அதே ரயில் எங்கள் கவரைப்பேட்டை வழியாகத்தான் சென்னைக்கு வந்திருக்கும். இவர்கள் திருப்பதி போய், அரக்கோணம் பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காகிதத்தில் லட்டு. "முதல்ல இதை அவன் வாயில வைக்கணும். எந்த பெட்?"

நான் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தேன். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றவர் டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. நான்தான் சொன்னேன். பக்குவம் எல்லாம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பிள்ளை இறந்துவிட்டான் என்று தெலுங்கில் அப்படியே சொன்னேன்.

அவள் கீழே விழவில்லை. நாங்கள் எல்லாரும் எதற்காக அத்தனை பயந்தோமோ அது நடக்கவே இல்லை. லட்டை மறுபடி காகிதத்தில் மடித்தாள். "எப்போ?" என்று கேட்டாள்.

சொன்னேன். போன் வந்த அன்றைக்கே, போன் வருவதற்கு முன்னாலேயே என்று.

அவள் கை மெதுவாக மேலே போய் மொட்டைத் தலையைத் தடவியது. காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. "அப்ப நான் முடி கொடுக்கும்போது அவன் இல்லையா?" என்றாள். "பிணத்துக்கு உயிர் கேட்டு நின்னிருக்கேன். சாமி என்னைப் பத்தி என்ன நினைச்சிருக்கும்? பைத்தியக்காரின்னு நினைச்சிருக்காதா? ஏன் என்னை அங்கே அப்படி நிக்க வெச்சீங்க?"

சத்தமே போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறவள் போலக் கேட்டாள். சூப்பர்வைசருக்கு தெலுங்கு அரைகுறையாகப் புரியும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஜனம்னா பாதி வழியிலேயே தெரிஞ்சிக்கும்மா" என்றார் என்னிடம், திரும்பத் திரும்ப. "நம்ம ஜனம்னா தெரிஞ்சிக்கும்."

அது நிஜம். செவ்வாப்பேட்டையிலோ கடம்பத்தூரிலோ இருக்கிறவர்களுக்கு ஏற்ற பொய் அது. ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள், வாசலில் சொந்தக்காரர்கள் நிற்கிற நிலையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒரு மணி நேரம் தாங்குகிற பொய்யை எடுத்து ராத்திரியும் பகலுமாக ரயிலில் வருகிறவள் கையில் கொடுத்துவிட்டோம். அவள் அதை நம்பி, அதற்கு ஒரு கோயிலையும் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

பிணவறையில் முகத்தைக் காட்டினார்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள். "இவனுக்கு முகத்துல ஒண்ணும் ஆகலையே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போகும்போது நீ கூட இருந்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ராத்திரியில் இருக்க விடமாட்டார்கள் என்றேன். பக்கத்து பெட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தாராம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஊருக்கு எடுத்துப் போக முடியாத நிலைமை. இங்கேயே எரித்துவிட்டு அன்று ராத்திரி ரயிலுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது அந்தக் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினாள். "திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது. நீ சாப்பிடு, நீதானே அவனுக்கு ஊட்டினவ" என்றாள். ரெண்டு பஸ்ஸிலும் அதை மடியில் வைத்திருந்தேன். வீட்டில் சாமி மாடத்தில் வைத்தேன். எறும்பு வந்து தின்றது, நான் விரட்டவில்லை.

கொஞ்ச காலம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கணவர் விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் கை பரபரக்கும், வண்டி யார் பெட்டையோ தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் என்று தோன்றும். ஒரு நாள் தட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலிலேயே ஆயா பிடித்துக்கொண்டாள். "மூணாவது பெட்டு, தட்டு இல்ல" என்றாள்.

இப்போது எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கியது. கூட ஆள் இல்லாத எவனாவது இறந்துபோனால் ஊருக்கு நான்தான் போன் பண்ணுவேன். இறந்துவிட்டார் என்கிற அந்த ஒரு வாக்கியத்தை இந்தி, ஒடியா, வங்காளி மூன்றிலும் கற்றுக்கொண்டிருக்கிறேன். சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அபசகுனம் என்று எல்லாரும் நழுவினார்கள். கவரைப்பேட்டை ரோட்டோரம் பானிபூரி விற்கிறவர் மட்டும் இந்தியில் ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, உடனே தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தார். அந்த பாஷைகளில் பசியாறியாச்சா என்று கேட்க எனக்கு இன்னும் வராது. இது மட்டும் தப்பில்லாமல் வரும்.

போன மாதம் வேறொரு கம்பெனி சூப்பர்வைசர், சின்னப் பையன், வார்டு வாசலில் போனை வைத்துக்கொண்டு கெஞ்சினான். "மேடம், சீரியஸ்னு மட்டும் சொல்லிடலாம் மேடம், ப்ளீஸ். அவன் ஒய்ஃப் தனியா கீதாம்." நான் போனை வாங்கினேன். முதலில் அந்தப் பெண்ணிடம், பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொன்னேன். அதற்கும் இந்தியில் ஒரு வாக்கியம் கற்று வைத்திருக்கிறேன். கதவு திறக்கிற சத்தமும் இன்னொரு பெண் குரலும் கேட்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அவள் என்னென்னவோ கேட்டாள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பையன் போனை வைத்துவிடச் சொல்லிச் சைகை காட்டினான். நான் வைக்கவில்லை. அவளாக வைக்கிற வரைக்கும் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.